புவியியல் பட்ட வகுப்பில் ஆய்வுப் பயிற்சி

இளநிலைப் பட்ட வகுப்பில் புவியியல் பயிலும் மாணவர் ஆய்வு செய்யக் கற்றிருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு நம் கல்லூரிகள் நெடுங்காலம் தெளிவான விடை அளித்ததில்லை. ஆய்வு என்பது முதுநிலைப் பட்டத்திற்குப் பிறகு வருவது என்றே பெரும்பாலும் கருதப்பட்டது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்ட வரைமுறை இந்நிலையை மாற்றியுள்ளது. நான்காண்டுப் பட்டப்படிப்பில் முதல் ஆறு பருவங்களில் 75 சதவீதமோ அதற்கு மேலோ மதிப்பெண் பெற்ற மாணவர், விரும்பினால், நான்காம் ஆண்டில் ஆய்வுப் பிரிவைத் தேர்ந்துகொள்ளலாம். அவர் எழுதும் ஆய்வேட்டிற்கு 12 கிரெடிட்டுகள் ஒதுக்கப்பட்டுள்ளன.

ஏற்பாடு வரவேற்கத்தக்கதே. ஆனால் முதல் மூன்றாண்டுகளில் பயிற்சி அளிக்காமல் நான்காம் ஆண்டில் ஆய்வேடு கேட்பது, நீச்சலைப் பற்றி நூல் படித்தவனைக் கிணற்றில் இறக்கிவிடுவதற்கு ஒப்பாகும். கரையேற அவன் எதையாவது பற்றிக்கொள்வான். முந்தைய ஆண்டு மாணவரின் ஆய்வேடே கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்.

நான் புவியியல் படித்தவன் அல்லன். பொருளாதாரம் பயின்று மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவன். ஆயினும் முப்பது ஆண்டுகளாகப் புவியியல் மாணவர்கள் தயாரிக்கக் கற்றுக்கொள்ளும் பொருள்களையே, அதாவது கிராமப் பட்டியல்களையும் நில உபயோகப் புள்ளிவிவரங்களையும் வரைபடங்களையும், நம்பி வேலை செய்து வந்திருக்கிறேன். அந்த நம்பிக்கை ஒருமுறை தவறிப்போனதே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஓர் எழுத்துக் குறி

பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் புந்தேல்கண்ட் பகுதியில் குடிநீர்த் திட்டம் ஒன்றிற்காகக் கிராமங்களின் முன்னுரிமைப் பட்டியல் தயாரிக்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. உத்தரப் பிரதேசத்தின் தென்பகுதியிலும் மத்தியப் பிரதேசத்தின் வடபகுதியிலும் பரவிக் கிடக்கும் இப்பகுதியில் நிலத்தடியில் பெரும்பாலும் கடினப் பாறையே உள்ளது. மழையின் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் பெய்து முடிந்துவிடும். பாறையின் மேலடுக்கிலும் வெடிப்புகளிலும் தங்கும் நீரே கிணறுகளுக்கு ஆதாரம்.

என்னிடம் இருந்தது 1991-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடு. அதில் ஒவ்வொரு கிராமத்தின் பெயருக்கு எதிரேயும் பள்ளி, மருத்துவ வசதி, குடிநீர், அஞ்சலகம், பேருந்து ஆகியவற்றுக்கான கட்டங்கள் உண்டு. குடிநீர்க் கட்டத்தில் கிணறு, குளம், அடிபம்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துக் குறி. அடிபம்புக்கான குறி இருந்த கிராமங்களையெல்லாம் 'வசதி உள்ளவை' என்று பட்டியலின் அடியில் தள்ளினேன். அலுவலக அறையில் இருந்தபடி இரண்டே நாளில் வேலை முடிந்தது. மேலதிகாரி பாராட்டினார்.

அடுத்த மே மாதம் அவ்வழியே செல்ல நேர்ந்தபோது, நான் அடியில் தள்ளிய ஒரு கிராமத்தின் பெண்கள் தலையில் இரண்டும் இடுப்பில் ஒன்றுமாகக் குடம் சுமந்து வயல்களுக்கு அப்பாலிருந்து வருவதைக் கண்டேன். கிராமத்தில் அடிபம்பு இருந்தது. அதன் கைப்பிடியை ஒருவர் எனக்காக அடித்துக் காட்டினார், காற்றுதான் வந்தது. கையேட்டில் பிழை ஏதும் இல்லை. பம்பு உண்டா என்று கேட்டார்கள், உண்டு என்று எழுதினார்கள். அது எந்த மாதத்தில் நீர் தரும் என்று கையேடு சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அதைக் கேட்கத் தெரிவதே ஆய்வுத் திறன். ஆறாண்டுக் கல்லூரிப் படிப்பில் அதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் கிராம விவரங்களில் இக்குறை ஓரளவு தீர்க்கப்பட்டது. பம்பு ஆண்டு முழுவதும் இயங்குகிறதா, கோடை மாதங்களில் இயங்குகிறதா என்று தனித்தனியே குறிக்கப்பட்டது. ஆனால் அங்குக் கோடை என்பது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. புந்தேல்கண்டில் அக்காலத்தின் பிற்பாதி மழைக்காலம். மே மாதத்தில் வறண்டு ஆகஸ்டில் நீர் சுரக்கும் பம்புக்கு எந்த விடையை எழுதுவது? பருவக்காற்றைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதத் தெரிந்த புவியியல் மாணவர் இக்கேள்வியைத் தாமே எழுப்ப வேண்டும்.

இன்றைய நடைமுறை

இப்போது பெரும்பாலான கல்லூரிகளில் ஆய்வுப் பயிற்சி இரண்டு வடிவங்களில் நடைபெறுகிறது. ஒன்று, ஆய்வு முறையியல் என்ற தாள். ஆய்வின் வரையறை, வகைகள், கருதுகோளின் இலக்கணம், மாதிரி எடுக்கும் முறைகள் ஆகியவற்றை மாணவர்கள் மனப்பாடம் செய்து எழுதுகின்றனர். மற்றொன்று, களப்பயணம். ஆண்டுக்கு ஒருமுறை மலை வாழிடத்திற்கோ கடற்கரைக்கோ பேருந்தில் சென்று திரும்பி, அவ்வூரின் அமைவிடம், தட்பவெப்பம், மண், மக்கள்தொகை, போக்குவரத்து என்ற வரிசையில் அறிக்கை எழுதுவர். அதில் ஊரின் பெயரை மாற்றினால் வேறோர் ஊருக்கும் அது பொருந்தும். பயணம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. இருபது வயதில் மலையைப் பார்ப்பது நல்லதே. ஆனால் அதற்கு ஆய்வு என்று பெயரிட வேண்டியதில்லை.

ஏட்டிலிருந்து தொடங்குதல்

சில ஆண்டுகளுக்கு முன் அதே பகுதியில் ஒரு சிறு நகரத்து அரசுக் கல்லூரியில் வேறு விதமான வகுப்பு ஒன்றைக் கண்டேன். ஆசிரியர் தம் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் சொந்த ஊரைப் பற்றிய கணக்கெடுப்பு வரியைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். விடுமுறையில் ஊருக்குச் சென்று, அந்த ஒரு வரியில் உள்ள ஒவ்வொரு கட்டத்தையும் சரிபார்த்து வரவேண்டும். வேறுபாடு காணப்பட்டால் அது ஏன் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். அவ்வளவே பணி. வினாப்பட்டியல் இல்லை, கருதுகோள் இல்லை.

ஒரு மாணவி கொண்டுவந்த தாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அவருடைய ஊரில் நான்கு அடிபம்புகள். மே மாதத்தில் இரண்டில் மட்டுமே நீர். அவ்விரண்டில் ஒன்று பெரிய நிலக்காரர் ஒருவரின் சுற்றுச்சுவருக்குள் இருந்தது. அது ஊராட்சி போட்ட பம்பு. யாரும் எடுக்கலாம் என்று வீட்டார் சொன்னார்கள். ஊரின் தென்புறக் குடியிருப்பிலிருந்து யாரும் அங்கு வருவதில்லை என்பதை இரண்டு காலைப் பொழுதுகள் எதிர்த்திண்ணையில் அமர்ந்து எண்ணிப் பார்த்து மாணவி எழுதியிருந்தார். ஆசிரியர் அவரைப் பாராட்டவில்லை. "அப்படியானால் வசதி உண்டு என்ற சொல்லுக்கு நீ என்ன பொருள் கொள்வாய், அதை எப்படி அளப்பாய்?" என்று மட்டும் கேட்டார். அடுத்த பருவம் முழுவதும் அந்த மாணவி அக்கேள்விக்கே செலவிட்டதாக அறிந்தேன்.

இம்முறையின் வலிமை அதன் எளிமையில் உள்ளது. பதிவேடும் களமும் வேறுபடும் இடத்தில் மாணவரை நிறுத்திவிட்டால், கேள்வி தானாகவே பிறக்கும். வேறுபாட்டுக்குச் சில சமயம் காலம் காரணமாக இருக்கும்: பதிவு செய்த ஆண்டுக்குப் பிறகு ஊர் மாறியிருக்கும். சில சமயம் எழுதியவரின் கவனக்குறைவு. பெரும்பாலும் வரையறையே காரணம் என்பதை மாணவர் மெல்ல உணர்வர்.

காட்டை எடுத்துக்கொள்வோம். வேளாண்மைப் புள்ளிவிவரத்தில் நிலம் ஒன்பது வகையாகப் பிரிக்கப்படுகிறது. அங்குக் காடு என்பது சட்டப்படியோ நிர்வாகத்திலோ காடு என்று வகுக்கப்பட்ட நிலம். அதில் ஒரு மரமும் இல்லாதிருக்கலாம். இந்திய வன அளவை நிறுவனம் 1987 முதல் வெளியிட்டு வரும் அறிக்கைகளில் வனப் பரப்பு என்பது வேறு பொருளுடையது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கவிகை 10 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால், நிலம் யாருடையதாயினும், மரம் எதுவாயினும் அது கணக்கில் சேரும். அடர்ந்த மாந்தோப்பும் சேரும். ஒரே மாவட்டத்திற்கு இரு அரசு வெளியீடுகள் இருவேறு பரப்பளவுகளைத் தருவதைக் கண்டு மாணவர் முதலில் திகைப்பார். எது சரி என்று கேட்பார். இரண்டும் சரியாக இருக்கலாம் என்பதைக் கண்டுபிடிக்கும் நாளில் அவருடைய ஆய்வுப் பயிற்சி உண்மையில் தொடங்கிவிட்டது எனலாம்.

ஏரி குளங்களும் இதற்கு நல்ல பொருள். புந்தேல்கண்டில் சந்தேல அரசர் காலத்து ஏரிகள் இன்றும் உள்ளன. 2017-18-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு நாட்டில் முதன்முறையாக நடத்தப்பட்ட நீர்நிலைக் கணக்கெடுப்பின் அறிக்கை 2023-இல் வெளிவந்தது. நாட்டில் 24.24 லட்சம் நீர்நிலைகள் உள்ளன என்றும், அவற்றுள் 97.1 சதவீதம் ஊரகப் பகுதிகளில் உள்ளன என்றும், 16.3 சதவீதம் பயன்பாட்டில் இல்லை என்றும், 1.6 சதவீதம் ஆக்கிரமிக்கப்பட்டுள்ளன என்றும் அது கூறுகிறது. கடைசி எண்ணைக் கேட்டதும் எந்த ஊர்க்காரரும் சிரிப்பார். சிரிப்பது ஆய்வாகாது. ஆக்கிரமிப்பு என்று எழுத யாருடைய வாக்குமூலம் கொள்ளப்பட்டது, பட்வாரியின் ஏட்டில் ஏரியின் எல்லை எது, கரையோரம் கோடையில் மட்டும் வெள்ளரி பயிரிடுவது ஆக்கிரமிப்பா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஓர் ஏரியைச் சுற்றி நடந்து அளந்து வந்தால்தான் அந்த எண்ணை மறுக்கவோ ஏற்கவோ மாணவருக்கு உரிமை உண்டாகும்.

வரைபடம்

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுத் தலப்படத்தைப் படிக்கக் கற்பது புவியியல் மாணவரின் முதற்கடமைகளுள் ஒன்று. 1767-இல் தொடங்கிய இத்துறையின் படங்கள் பல, எல்லையோர, கடலோர மாவட்டங்களுக்கு நெடுங்காலம் எளிதில் கிடைத்ததில்லை. 2005-ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை பொதுப் பயன்பாட்டுக்கென்று தனி வரிசையை ஏற்படுத்தியது. 2021 பிப்ரவரியில் வெளியான வழிகாட்டு நெறிகள் கட்டுப்பாடுகளைப் பெருமளவு தளர்த்தின. விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் 'புவன்' தளம் 2009 முதல் செயற்கைக்கோள் படங்களைக் காட்டி வருகிறது. முன்பு ஆசிரியருக்குப் படம் கிடைப்பதே பாடு. இன்று மாணவரின் கைத்தொலைபேசியில் படம் மலிந்து கிடக்கிறது.

மலிவினால் ஒரு தீங்கும் உண்டு. படம் எடுத்த நாளைப் பார்க்காமலே அதிலிருந்து முடிவு கூறும் வழக்கம் பரவி வருகிறது. அக்டோபரில் எடுத்த படத்தில் நிறைந்து காணும் ஏரி, மே மாதப் படத்தில் வயலாகத் தோன்றும். ஏரி அழிந்தது என்று ஆய்வேடு எழுதப்பட்டுவிடும். ஆகவே பழைய தலப்படம், இரு பருவங்களின் செயற்கைக்கோள் படங்கள், கிராம வரைபடம் ஆகியவற்றை மேசைமேல் வைத்து, நான்கும் ஒத்துப்போகாத ஓரிடத்தைக் குறித்துக்கொண்டு அங்கே நேரில் செல்வது என்ற முறை வகுக்கப்பட வேண்டும். ஒத்துப்போகும் இடங்களுக்குச் செல்ல அவ்வளவு அவசரமில்லை.

கேட்கும் முறை

மாணவர்கள் தயாரிக்கும் வினாப்பட்டியல்களைப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அவ்வப்போது கிடைப்பதுண்டு. அறுபது கேள்விகளுக்குக் குறைவதில்லை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் என்ன என்பது மூன்றாவது கேள்வியாக இருக்கும். முன்பின் அறியாத ஒருவர் வாசலில் நின்று இதைக் கேட்டால் நாம் என்ன சொல்வோம் என்று எண்ணிப் பார்த்தாலே போதும்.

கேள்வியின் அமைப்பு விடையை எவ்வளவு மாற்றும் என்பதற்கு நம் நாட்டிலேயே புகழ்பெற்ற சான்று உண்டு. 1950-இல் தொடங்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வு, குடும்ப நுகர்வைப் பற்றிக் கேட்கும்போது கடந்த 30 நாள் செலவைக் கேட்பது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் சில சுற்றுகளில், சோதனையாக, ஒரு பகுதிக் குடும்பங்களிடம் உணவுப் பொருள்களுக்குக் கடந்த 7 நாள் செலவு கேட்கப்பட்டது. குறுகிய காலத்தைக் கேட்டவர்களிடம் நுகர்வு கூடுதலாக வந்தது. 1999-2000-இல் நடந்த 55-ஆவது சுற்றில் உணவுச் செலவுக்கு இரண்டு கேள்விகளும் ஒரே குடும்பத்திடம் அடுத்தடுத்துக் கேட்கப்பட்டன. ஒரு விடை மற்றொன்றைப் பாதித்தது என்ற ஐயம் எழுந்தது. நாட்டின் வறுமை எவ்வளவு குறைந்தது என்பதைக் குறித்துப் பொருளாதார அறிஞர்கள் பல ஆண்டுகள் வாதிட்டனர். கோடிக்கணக்கான மக்கள் வறுமைக் கோட்டுக்கு மேலா கீழா என்பது ஒரு படிவத்தின் இரு கட்டங்களைப் பொறுத்து நின்றது. இதை வகுப்பில் சொல்வதோடு நில்லாமல், மாணவர்களை இரு குழுவாகப் பிரித்து, விடுதி மாணவர்களின் தேநீர்ச் செலவையே இரு விதமாகக் கேட்டு வரச் சொல்லலாம். ஒரு மாலைப் பொழுதில் பாடம் பதிந்துவிடும்.

யாரிடம் கேட்பது என்பதும் அவ்வாறே. ராபர்ட் சேம்பர்ஸ் 1983-இல் வெளியிட்ட ஊரக வளர்ச்சி பற்றிய நூலில், வெளியிலிருந்து வருவோர் தார்ச்சாலை ஓரத்து வீடுகளையும், வறண்ட காலத்தில் பயண வசதியுள்ள ஊர்களையும், பேசத் தெரிந்த ஆண்களையும் மட்டுமே காண்கின்றனர் என்று சுட்டிக் காட்டினார். அதிகாரிகளாகிய நாங்கள் இதற்கு விலக்கல்ல. ஜீப் செல்லும் இடமே எங்கள் இந்தியா. மாணவர்களுக்கு இப்பழக்கம் வராமல் தடுக்க, வீட்டுப் பட்டியல் முழுவதையும் எழுதிய பிறகே மாதிரி எடுக்க வேண்டும் என்ற விதியைக் கண்டிப்பாக்கலாம். பட்டியல் எழுதும்போதே ஊரின் கடைசி வீடு வரை நடந்தாக வேண்டும்.

முன்னோடிகள்

இவை புதிய எண்ணங்கள் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தம் மாணவர்களிடம் வினாப்பட்டியல் ஒன்றைத் தந்து, விடுமுறையில் தத்தம் ஊரை ஆய்ந்து வருமாறு அனுப்பினார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், வடமலைபுரம் முதலிய ஊர்களைப் பற்றி அவர்கள் எழுதியவை 1918-இல் நூலாக வந்தன. பின்னர் இவ்வூர்கள் சில மீண்டும் மீண்டும் ஆராயப்பட்டன. அம்மாணவர்களின் பணியே அந்த ஒப்பீடுகளுக்கெல்லாம் அடிக்கல். அலிகாரில் முகமது ஷஃபி கிழக்கு உத்தரப் பிரதேசத்தின் நில உபயோகத்தை ஆராய்ந்து 1960-இல் வெளியிட்ட நூல், தேர்ந்தெடுத்த கிராமங்களை நேரில் ஆய்ந்ததன் பயன். 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது, அசோக் மித்ரா ஆணையராக இருந்த காலத்தில், எண்களோடு நில்லாமல் பல நூறு கிராமங்களைப் பற்றித் தனித்தனி ஆய்வு நூல்களும் தயாரிக்கப்பட்டன. பல கல்லூரி நூலகங்களில் இவை தூசு படிந்து கிடக்கின்றன. தம் ஊருக்கு அருகிலுள்ள கிராமம் ஒன்று இவ்வரிசையில் இருந்தால், மாணவருக்கு அதைவிடச் சிறந்த தொடக்கம் வேறில்லை.

தடைகள்

நடைமுறைத் தடைகளை மறைப்பதில் பயனில்லை. பல கல்லூரிகளில் ஆசிரியர் இடங்கள் காலியாக உள்ளன. இருப்பவர் ஒருவரே நான்கு தாள்கள் நடத்துகிறார். களத்திற்குச் செல்லப் பேருந்துக் கட்டணம் தர வழியில்லை. மாணவியரைத் தனியே அனுப்பப் பெற்றோர் தயங்குவர். சொந்த ஊரைச் சரிபார்க்கும் முறை இம்மூன்றையும் ஓரளவு தவிர்க்கிறது. செலவு இல்லை, தங்கும் இடம் வீடு, உடன் வர உறவினர் உண்டு. ஆனால் சொந்த ஊர் என்பதாலேயே சில கதவுகள் மூடிக்கொள்ளும். அந்த மாணவிக்குத் தென்புறக் குடியிருப்பில் முதல் நாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் எந்தத் தெருப் பெண் என்பது அவர்களுக்குத் தெரியும். இதையும் எழுதச் சொல்ல வேண்டும். யார் பேசவில்லை என்பது ஒரு செய்தி.

மதிப்பெண் முறையும் மாற வேண்டும். அச்சிட்டுக் கட்டிய ஆய்வேட்டிற்கு மட்டும் மதிப்பெண் தரும்வரை நகலெடுப்பது நிற்காது. களத்தில் எழுதிய குறிப்பேட்டை, அடித்தல் திருத்தல்களோடு, தேதியோடு, பென்சில் படங்களோடு, பாதி மதிப்பெண்ணுக்கு வாங்கிப் பார்க்கலாம். குறிப்பேட்டை நகலெடுப்பது கடினம். மழையில் நனைந்த பக்கத்தை யாராலும் எளிதில் போலி செய்ய முடியாது. முடிவுகளை ஊராட்சி அலுவலகத்தில் படித்துக் காட்டி, ஊரார் சொல்லும் மறுப்புகளையும் சேர்த்து எழுதுவது இறுதிப் பணியாக இருக்கலாம். நான் பார்த்த கல்லூரியில் இவ்வாறு படித்துக் காட்டிய ஓர் ஊரில், சுவருக்குள் இருந்த பம்பைப் பற்றிய பேச்சு வந்ததும் கூட்டம் கலைந்தது என்றார் ஆசிரியர். மறுநாள் இருவர் தனியே வந்து, பம்பு போட்ட ஆண்டும் அதற்கு முன் அந்த இடம் யாருடையது என்பதும் சொல்லிவிட்டுப் போனார்களாம்.

2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிவைக்கப்பட்டு, 2027-ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு நடத்த 2025 ஜூனில் அறிவிக்கை வெளியிடப்பட்டது. 2011-இன் கிராம விவரங்களோடு ஒப்பிட அதுவரை வேறு மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பட்டியல் இல்லை. அந்த ஆசிரியர் தம் மாணவர்களின் குறிப்பேடுகளை ஊர் வாரியாக அடுக்கி ஓர் இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார். புதிய கையேடு வந்ததும் அதன் வரிகளோடு அவற்றை ஒப்பிடும் பணியை அப்போதைய முதலாம் ஆண்டு வகுப்புக்கு ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார்.